300 மீட்டரில் தட்டில் அடிப்பவர் 300 மீட்டரில் மானைச் சுடலாமா?

தம்பி கேட்டிருப்பது இதுதான்: வேலை குருகிராமில், வார இறுதியில் துக்ளகாபாத்தில் 50 மீட்டர் பாயிண்ட் 22 ரைஃபிள் பயிற்சி. வரும் ஜூனில் நண்பர் ஒருவரின் ஏற்பாட்டில் தென்னாப்பிரிக்காவுக்குக் குடு (பெரிய மான் வகை), ஸ்பிரிங்பாக் (சிறிய மான் வகை) வேட்டைக்குப் போகிறார். போன முறை அங்கே 308 துப்பாக்கியில் 300 மீட்டர் இரும்புத் தட்டை ஐந்துக்கு ஐந்து அடித்திருக்கிறார். காற்றை எப்படிக் கணிப்பது, 400 மீட்டர் வரை சுடலாமா என்கிறார். கேட்டது ஒரு எண் போலத் தெரிந்தாலும், அதற்குள் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். விசையை அழுத்துவதற்கு முன்னாலேயே, இந்த விலங்கு அங்கேயே விழுமா, வயிற்றில் காயத்தோடு புதருக்குள் ஓடுமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? நான் அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

முதலில் என் யோக்கியதை. ராணுவத்தில் 24 வருடம், அதில் பாதிக்குமேல் சுடும் பயிற்சி கொடுக்கும் வேலை. ஓய்வுபெற்றபின் டெல்லியிலேயே ஆர்.கே.புரம் பக்கம் தங்கிவிட்டேன். இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு ரைஃபிள் சொல்லித்தருகிறேன். காற்று, தோட்டா பற்றி நான் சொல்வதை நம்பலாம். வேட்டை என்று பார்த்தால் மருமகன் வேலை பார்த்த தென்னாப்பிரிக்காவில் நாலே முறை போனதுதான். அதனால் விலங்குகளைப் பற்றி நான் சொல்வதை, அங்கே உங்களோடு வரும் தொழில்முறை வேட்டைக்காரரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் அப்படி ஒருவர் இல்லாமல் அங்கே வேட்டையாட முடியாது, அது சட்டம். நம் ஊரில் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி விளையாட்டு வேட்டைக்கே இடமில்லை. ஆகவே இந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாரும் ஹரியானா வயலில் நீல்காய் மானைத் தேடிப் போக வேண்டாம்.

சந்தேகமே இல்லாத பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 308-இல் வழக்கமான 168 கிரெய்ன் எடையுள்ள தோட்டா, மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று நேர் குறுக்கே வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டரில் தோட்டா 2 சென்டிமீட்டர் சொச்சம் தள்ளிப்போகும். 200 மீட்டரில் சுமார் 10, 300-இல் சுமார் 22, 400-இல் 40-ஐத் தாண்டிவிடும். கவனியுங்கள், தூரம் இரண்டு மடங்கானால் விலகல் நாலு மடங்காகிறது. ஜோகன்னஸ்பர்க் மாதிரி 1,700 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் இந்த எண்கள் கொஞ்சம் இறங்கும், ஆனால் கணக்கின் போக்கு மாறாது. தோட்டா கீழே இறங்குவது ஒரு பிரச்சினையே இல்லை. லேசர் தூரமானி தூரத்தைச் சொல்லிவிடும், அட்டவணை இறக்கத்தைச் சொல்லிவிடும், புவியீர்ப்பு காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று மாறுவதில்லை. மாறுவது காற்று மட்டும்தான். அதை அளந்து சொல்லும் கருவி எதுவும் உங்களுக்கும் மானுக்கும் இடையில் நின்றுகொண்டிருக்காது.

திசையைப் பார்ப்பது எளிது. நம் முன்னோர் வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று காற்றுக்குத் திசைப்படிதான் பெயர் வைத்தார்கள், சுடுகிறவனுக்கும் முதலில் வேண்டியது அதுதான். நேர் குறுக்கே வந்தால் முழுக் கணக்கு. 45 டிகிரியில் வந்தால் பாதி என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை, பத்தில் ஏழு பங்கு. பாதியாவது 30 டிகிரியில். முகத்துக்கு நேராகவோ முதுகுக்கு நேராகவோ வந்தால் பக்கவாட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆனால் ‘கிட்டத்தட்ட’ என்ற சொல்லில்தான் ஆபத்து. நேர் எதிர்க்காற்று மீன்வால் மாதிரி இந்தப் பக்கம் 30 டிகிரி, அந்தப் பக்கம் 30 டிகிரி என்று ஆடினால், இடப்பக்கம் பாதி, வலப்பக்கம் பாதி. மொத்த வித்தியாசம் ஒரு முழுக் குறுக்குக் காற்றின் அளவு. என் மாணவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான்.

வேகத்துக்கு 1805-இல் பியூஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி உண்டாக்கிய அளவுகோல் இன்றும் போதும். முகத்தில் காற்று படுவது தெரிந்து, இலை சலசலத்தால் மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர். இலையும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் 12 முதல் 19. தூசியும் காகிதமும் கிளம்பி, சிறு கிளைகள் அசைந்தால் 20 முதல் 28. சிறு மரமே தலையாட்டினால் அதற்கும் மேல், அன்று துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்டு டீ குடிக்கலாம். உள்ளங்கையில் அடங்கும் காற்றுமானி வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை நீங்கள் நிற்கும் இடத்துக் காற்றைச் சொல்லும் கருவியாகப் பார்க்காமல், உங்கள் கண்ணைத் திருத்தும் வாத்தியாராகப் பாருங்கள். முதலில் மரத்தைப் பார்த்து ஒரு எண் சொல்ல வேண்டும், பிறகு மானியைப் பார்க்க வேண்டும். ஒரு மாதம் தினமும் செய்தால் கண் பழகிவிடும்.

கனாட் பிளேஸ் சென்ட்ரல் பார்க்கில் 207 அடிக் கம்பத்தில் பெரிய தேசியக்கொடி இருக்கிறதல்லவா? ஒரு சாயங்காலம் அங்கே புல்லில் உட்கார்ந்து பாருங்கள். மேலே கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும், கீழே உங்கள் பக்கத்தில் கிடக்கும் கடலைத்தோல் அசையாது. தரையை ஒட்டி புல்லும் சுவரும் மரமும் காற்றைப் பிடித்து இழுக்கின்றன, உயரப்போகப்போக அது வேகமெடுக்கிறது. மேட்டில் படுத்து, பள்ளத்தாக்குக்கு அந்தப்பக்கம் நிற்கும் மானைச் சுடும்போது, தோட்டா நடுவழியில் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் போகிறது என்று யோசித்தால் இந்தக் கொடி ஞாபகம் வரும். எனக்கு அப்போது வரவில்லை.

அது கரூ என்ற வறண்ட சமவெளியில், என் இரண்டாவது பயணத்தில். பாறைக் குன்றின் மறைவில் படுத்திருந்தேன். ஸ்பிரிங்பாக் கிடா ஒன்று, லேசர் காட்டியது 270 மீட்டர். கையிலிருந்த மானி 6 கிலோமீட்டர் என்றது. ராணுவத்தில் பதக்கம் வாங்கியவன் என்ற தலைக்கனம் வேறு. சுட்டேன். சத்தம் திரும்பி வந்ததுமே தெரிந்துவிட்டது, தோளில் பட்ட சத்தம் இல்லை அது, ஈரச் சாக்கில் அடித்த மாதிரி ஒரு சத்தம். குன்றின் மறைவு எனக்கு மட்டும்தான் மறைவு. நடுப் பள்ளத்தில் காற்று எப்படியும் 20-க்குக் குறையாமல் இருந்திருக்கும், குட்டைப் புதர்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றதை அப்புறம்தான் பார்த்தேன். தோட்டா ஒரு சாண் அளவு பின்னுக்குப் போய் வயிற்றில் பட்டிருந்தது. காலை ஒன்பது மணிக்குச் சுட்டது, தடம் பார்க்கும் பெரியவர் அதைக் கண்டுபிடித்தபோது மதியம் ஒன்றேகால். அதுவரை அது உயிரோடு இருந்தது. அந்தப் பெரியவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாவது தோட்டாவைப் போட்டபின் என் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

காற்றை எந்த இடத்தில் பார்ப்பது என்பதற்குப் பாடப்புத்தகப் பதில் ஒன்று உண்டு: சுடுகிறவன் அருகில் வீசும் காற்றுக்குத்தான் அதிக மதிப்பு, ஏனென்றால் ஆரம்பத்தில் திசை திரும்பிய தோட்டா மிச்சத் தூரம் முழுக்க அந்தக் கோணத்திலேயே போகும். அது உண்மை. ஆனால் வழி முழுவதும் காற்று ஒரே சீராக இருந்தால்தான் அந்தப் பதில் போதும். உங்கள் அருகில் ஒதுக்கிடமாக இருந்து நடுவில் மூன்று மடங்கு வீசினால், நடுதான் ஜெயிக்கும். எனவே மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: மூக்குக்கு முன்னால், நடுவழியில், விலங்கின் காலடிப் புல்லில். மூன்றும் ஒன்றையே சொன்னால் நம்பலாம். ஒன்றுக்கொன்று முரண்பட்டால், காற்று எவ்வளவு என்று கணக்குப் போடுவதை விட்டுவிட்டு, இன்னும் எவ்வளவு கிட்டே போகலாம் என்று கணக்குப் போடுங்கள்.

கானலையும் சொல்லிவிட வேண்டும். ராஜஸ்தானில் மகாஜன் பக்கம் வெயிலில் பயிற்சி கொடுத்தவர்களுக்குக் கானல்தான் காற்றுமானி. ஸ்கோப்பை இலக்குக்குச் சற்று முன்னால் கூர்மையாக்கினால் வெப்ப அலைகள் தெரியும். நேர் மேலே கொதித்தால் குறுக்குக் காற்று இல்லை. சாய்ந்து ஓடினால் இளங்காற்று. ஆற்றுநீர் மாதிரி படுக்கையாக ஓடினால் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வாக்கில். அதற்குமேல் கானல் கலைந்துபோய் ஒன்றும் சொல்லாது. ஆனால் நீங்கள் போவது ஜூனில், அங்கே குளிர்காலம், விடிகாலையில் கானல் இருக்காது. புல்லை நம்புங்கள்.

இனி தூரம். இங்கிருந்து நான் சொல்வது இயற்பியல் இல்லை, என் தீர்ப்பு. என் விதி இது: காற்றை ஒரு எண்ணாகக் கணியுங்கள், பிறகு அதில் பாதிக்கும் ஒன்றரை மடங்குக்கும் தோட்டா எங்கே போகும் என்று பாருங்கள். இரண்டு நிலையிலும் நுரையீரலுக்குள் விழுந்தால் மட்டுமே சுடலாம். ஏன் பாதி, ஒன்றரை? நல்ல பழக்கம் உள்ளவர்களே காட்டில் அந்த அளவுக்குத் தவறுகிறார்கள். நானும் தவறினேன், இன்னும் மோசமாக. பதினாறு கிலோமீட்டர் என்று கணித்தது எட்டாகவோ இருபத்து நாலாகவோ இருந்தால், 200 மீட்டரில் பிழை 5 சென்டிமீட்டர், 300-இல் 11, 400-இல் 21. குடுவின் இதயம், நுரையீரல் சேர்ந்த பகுதி ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் வட்டம். நடுவில் குறிவைத்தால் எந்தப் பக்கமும் 15 சென்டிமீட்டர்தான் உங்களுக்கு அனுமதி. ஸ்பிரிங்பாக்குக்கு அதில் பாதி, ஏழரை.

அந்த அனுமதியில் காற்று மட்டும் பங்கு கேட்காது, உங்கள் கையும் கேட்கும். பெஞ்சில் உட்கார்ந்து மணல்மூட்டையில் வைத்து இரும்புத் தட்டை அடித்ததை மறந்துவிடுங்கள், காட்டில் பெஞ்ச் கிடையாது. மூன்றுகால் குச்சித் தாங்கியில் நின்றபடி சுடும்போது, மூச்சு வாங்கிக்கொண்டு, நூறு மீட்டருக்கு இப்படி 5 அப்படி 5 சென்டிமீட்டருக்குள் அடக்கினாலே நல்ல கை. 200 மீட்டரில் அது 10 ஆகும், காற்றுப் பிழை 5 சேர்ந்தால் 15. குடுவுக்கு எல்லை அங்கேயே வந்துவிட்டது. அதே கையோடு ஸ்பிரிங்பாக் என்றால் 120 மீட்டர் வாக்கில் நிற்க வேண்டும். படுத்து, இருகால் தாங்கி போட்டால் கை ஆட்டம் பாதியாகும். அப்போது குடுவுக்கு 250, ஸ்பிரிங்பாக்குக்கு 150 வரை போகலாம். கணக்குத் தெரிந்தவர்கள், பிழைகளை இப்படி நேராகக் கூட்டக்கூடாது, வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும் என்பார்கள். சரிதான். ஆனால் வயிற்றில் வாங்கிய மானுக்குச் சராசரி என்று ஒன்று கிடையாது, அதனால் நான் நேராகத்தான் கூட்டுகிறேன். காற்றே இல்லாத நாளில் இந்த எல்லை நீளும், காற்று அடித்தால் சுருங்கும். ஆகவே ‘என் தூரம் 300’ என்று நிரந்தரமாக ஒரு எண்ணை யாரும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள முடியாது.

இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எல்லாரும் கொடூரமானவர்கள் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்க மேற்கு மலைகளில் வருடம் முழுக்க ஆயிரக்கணக்கில் சுட்டுப் பழகி, பக்கத்தில் ஒருவர் தொலைநோக்கியில் பார்த்துத் திருத்த, 500 மீட்டருக்குமேல் சுத்தமாக வீழ்த்துகிறவர்கள் உண்டு. கையும் கண்ணும் அவர்களுக்கு என்னைவிட மேல் என்றே வைத்துக்கொள்ளலாம். என் தயக்கம் வேறு இடத்தில். 400 மீட்டருக்குத் தோட்டா போய்ச்சேர அரை நொடிக்குமேல் ஆகிறது. மேய்கிற விலங்கு அந்த நேரத்தில் ஒரு எட்டு எடுத்துவைத்தால் அரை மீட்டர் நகர்ந்துவிடும், நெஞ்சுக்கு விட்டது இடுப்புக்குப் போகும். எந்தத் திறமையும் இதற்கு மருந்தில்லை. 1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் சங்கம், விலங்குக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதை வேட்டை ஒழுக்கமாக வலியுறுத்தி வருகிறது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. நம்மைப் பார்க்கவோ மோப்பம் பிடிக்கவோ முடியாத தூரத்தில் இருக்கும் விலங்கைச் சுடுவது வேட்டையா, இலக்குப் பயிற்சியா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒரே அம்பில் யானையிலிருந்து உடும்பு வரை துளைத்தான் என்று வல்வில் ஓரியைப் பாடினார்கள், அவன்கூட எத்தனை அடி தூரத்தில் என்று யாரும் பாடவில்லை.

மோப்பம் என்றதும் ஞாபகம் வருகிறது. காற்றுக்கு வேட்டையில் இன்னொரு வேலையும் இருக்கிறது, அதுதான் மூத்த வேலை. உங்கள் வாடை விலங்குக்குப் போய்விட்டால் எல்லாம் முடிந்தது. அங்கே தடம் பார்ப்பவர்கள் சின்னத் துணிப்பையில் சாம்பல் வைத்திருப்பார்கள், நடக்கும்போது அவ்வப்போது தட்டிப் பார்ப்பார்கள். எப்போதும் காற்று முகத்தில் படும்படிதான் நெருங்குவார்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அப்படி நெருங்கினால் கடைசியில் சுடும்போதும் காற்று நேர் எதிரே இருக்கும், பக்கவாட்டு விலகல் குறைந்துவிடும், தூரமும் குறைந்திருக்கும். மீன்வால் ஆட்டத்தை மட்டும் கவனித்தால் போதும். 400 மீட்டரிலிருந்து குறுக்குக் காற்றில் கணக்குப் போடுவதைவிட, ஒரு மணி நேரம் வளைந்து போய் 150 மீட்டரில் எதிர்க்காற்றில் சுடுவது எல்லா வகையிலும் எளிது. முழங்கால்தான் கொஞ்சம் தேயும்.

டெல்லியிலேயே என்ன பயிற்சி செய்யலாம்? உங்கள் பாயிண்ட் 22 வீண் இல்லை. அதே 16 கிலோமீட்டர் காற்றில் அந்தத் தோட்டா 50 மீட்டரில் இரண்டரை சென்டிமீட்டர் வாக்கில் தள்ளும், அதாவது 308 நூறு மீட்டரில் தள்ளும் அளவு. பத்துப் புள்ளி வட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர் என்பதால் காற்றைத் தவறவிட்டால் அட்டை உடனே காட்டிக்கொடுத்துவிடும். எல்லாரும் காற்று நின்றபின் சுடுவார்கள், நீங்கள் கொடி ஆடும்போது எண்ணைச் சொல்லிவிட்டுச் சுடுங்கள், ஸ்கோர் கெட்டால் கெடட்டும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி மொட்டைமாடிகளில் பட்டம் விடும்போது பசங்களோடு சேர்ந்து நூலைப் பிடியுங்கள். ஒரே நூலில் மேலும் கீழும் காற்று எப்படி மாறுகிறது என்பதை விரல் கற்றுக்கொள்ளும். மூன்றுகால் தாங்கி ஒன்று செய்துகொண்டு, நாலு மாடி ஏறி இறங்கிவிட்டு, வெற்றுத் துப்பாக்கியில் வீட்டுக்குள் குறிபார்த்துப் பழகுங்கள். விசையை அழுத்துவதற்கு முன் துப்பாக்கிக்குள் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்க்க வேண்டும், இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

அங்கே போய் இறங்கிய முதல் நாள் எப்படியும் துப்பாக்கியைச் சரிபார்க்க மைதானத்துக்கு அழைத்துப் போவார்கள். இரும்புத் தட்டுக்குப் பதில் கல்யாணப் பந்தியில் போடுகிற சின்னக் காகிதத் தட்டுகள் பத்து எடுத்துப் போங்கள், விட்டம் 15 சென்டிமீட்டர் இருக்கட்டும், ஸ்பிரிங்பாக் கணக்கு அதுதான். நூறடி வேகமாக நடந்துவந்து, தாங்கியில் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரே தோட்டா. 100 மீட்டரில் தொடங்கி 25 மீட்டர் கூட்டிக்கொண்டே போங்கள். முதல் தட்டு எங்கே தப்புகிறதோ அதற்கு முந்தைய எண்ணைத் தொழில்முறை வேட்டைக்காரரிடம் சொல்லிவிடுங்கள், அதைத் தாண்டி விலங்கு நின்றால் என்னைச் சுடச் சொல்லாதீர்கள் என்று. அங்கே ஒரு சொட்டு ரத்தம் சிந்தினாலும், விலங்கு கிடைக்காவிட்டாலும், அதற்கான முழுத்தொகையும் கட்ட வேண்டும் என்பது வழக்கம். அதனால் அந்த எண்ணைச் சொல்வது உங்கள் பைக்கும் நல்லது, அவரும் அதைச் சந்தோஷமாகவே குறித்துக்கொள்வார். என் இரண்டாவது பயணத்தில் நான் அந்த எண்ணைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மூன்றாவது முறை சொன்னேன்: படுத்தால் 180, நின்றால் 110.